ஒரு பிஸ்கட்டில் எரியும் விளக்கு

பாரம் இறங்க எரிகிற விளக்கை விற்கிறவன், வருகிறவரின் முகத்துக்கு முதல் கையைப் பார்க்கவேண்டும். கடையில் நின்று தொண்டை வற்றக் கத்தியவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. மண் நிரப்பிய பன்னிரண்டு கிலோ பையை இரண்டு மீற்றர் உயரத்தில் தூக்கி மாட்டினால், அது மெல்ல இறங்கிப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இருபது நிமிடம் வெளிச்சம் வரும். மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம்.

துறைமுகத்தடியில் எங்கள் முதலாளி நானா இதில் பத்துச் செய்துவிட்டு, "பெருநாளைக்கு முதல் பத்தும் போகோணும். போகாட்டி நீ வீட்டை போ" என்றார். அவருடைய இருமலோடு சேர்த்து இதை நான் நடித்துக் காட்டாத கடை அந்தத் தெருவில் இல்லை.

இடியப்பக் கணக்கு

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அந்தோனி அண்ணன் முதலில் வந்தார். பையை ஒரு விரலால் தூக்கினார். நான் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான சேரின் மூக்குக் குரலை எடுத்தேன்: "பிள்ளைகாள், ஒருதரம் தூக்க இருநூற்று நாப்பது யூல் சக்தி. உடம்பு சாப்பாட்டில காவாசியைத்தான் வேலைக்குக் குடுக்கும். அப்பிடிப் பார்த்தாலும் ஒரு பிஸ்கட் திண்டால் தொண்ணூறு தரம் தூக்கலாம்!"

அண்ணன் சிரிக்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நான் காலமையில பதினைஞ்சு இடியப்பம் சாப்பிடுறனான். அப்ப மிச்சமெல்லாம் எங்கையடா போகுது?"

மங்கல்

கிண்ணியாத் தேத்தண்ணிக்கடை நானா விளக்கு வாங்கி ஒரு கிழமைக்குள் தொலைபேசியில் சத்தம் போட்டார்: நாளுக்கு நாள் மங்குகிறதாம். ஒன்று திரும்பி வந்தால் என் கணக்கில் ஒன்று குறையும். பஸ் ஏறி ஓடினேன்.

பையைத் திறந்தால் வெங்காயம். மண் கொட்டுண்டு கடை ஊத்தையாகும் என்று வெங்காயத்தை நிரப்பியிருக்கிறார். குசினிக்கு எடுக்க எடுக்கப் பாரம் குறைந்து, வெளிச்சமும் குறைந்திருக்கிறது. மண்ணை மாற்றித்தரவா என்று கேட்டேன். கையால் மறித்துவிட்டார். "விடு மகன். வெங்காயம் முடியப்போகுதெண்டு இப்ப இதுதான் எனக்குச் சொல்லுது."

பத்தாவது

கடைசி விளக்கைக் கேட்டு வந்தவர் மரியம் அக்கா. பெருநாள் சட்டை தைக்கிறவர். பின்னேரங்களில் கரண்ட் போய்விடும், துணியோ குவிந்து கிடக்கிறது. பையைத் தூக்கினார். நெஞ்சு உயரத்தில் தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டது.

"ஏலாது தம்பி."

பாதி மண்ணைக் கொட்டினால் வெளிச்சமும் பாதி. ஊசிக்கு நூல் கோக்க அது காணாது. விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மனம் வரவில்லை. அந்தோனி அண்ணனிடம் ஓடினேன். அவர் படகுக் கப்பி இரண்டைத் தூக்கித் தந்தார். ஒன்றைக் கடைக் கூரை வளையில் கட்டி, மற்றதைப் பையில் கொழுவி, கயிற்றை அக்காவின் நல்ல கையில் கொடுத்தேன். கதிரையில் இருந்தபடியே இழுத்தார். பை ஏறியது.

"சக்தி அதேதான் அக்கா. கயிறு ரெண்டு மடங்கு இழுக்கோணும், ஆனா கைக்குப் பாதிப் பாரம்."

அவர் விளக்கின் கீழே ஊசியைப் பிடித்து, ஒரே தரத்தில் நூலைக் கோத்தார். "அப்ப வட்டியில்லாத் தவணை எண்டு சொல்லன்! கட்டித் தா, கொண்டு போறன்."

ஒரு விளக்கை எரியவைக்க ஒரு கை போதும், என்னை வேலையில் வைத்திருக்கத்தான் இந்த ஊரில் இத்தனை பேரின் கை தேவைப்பட்டிருக்கிறது.