காவலனுக்கு என்ன தண்டனை?

ஐம்பத்திரண்டு வயதுவரை அந்த லிப்ட் மெக்கானிக் யாரையும் கட்டித் தொங்கவிட ஆசைப்பட்டதில்லை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மாமியாரோடு ஒரே வீட்டில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பதினோரு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், மெஷின் ரூமுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிரீஸ் படிந்த கட்டைவிரலால் செல்போனில் எழுத்தெழுத்தாகத் தட்டினார்:

"அம்மா, அந்தக் காவலனைச் சும்மா விடாதீர்கள். அவன் எண்ணெய் போடாத அதே சங்கிலியில் அவனைக் கட்டித் தொங்கவிடுங்கள். இப்படிக்கு, ஒரு நேயர்."

அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளவரசன் செத்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

இளவரசன் வெளியே எங்கும் இல்லை. அவர் காதுக்குள் இருந்தான். லிப்ட் மெக்கானிக்குக் கைகள் இரண்டும் கம்பெனிக்குச் சொந்தம், காதுகள் மட்டும்தான் அவருக்கு. பாட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒரு நாளில், தற்செயலாக ஒரு ஒலிக்கதை சிக்கியது. பனிமலைக் கோட்டை, நெருப்பு கக்கும் சிறகு மிருகங்கள், நான்கு ராஜ்யங்களின் யுத்தம். எழுதுவது ஒரு பெண்மணி. படிப்பதும் அவரே. வெளியிட, விளம்பரப்படுத்த, திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. முதல் அத்தியாயத்தில் யுத்தம் உச்சத்துக்குப் போகும்போது குரல் நின்றது. "மன்னிக்கணும், தொண்டை கட்டியிருக்கு" என்றது. மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு யுத்தம் தொடர்ந்தது.

அந்தத் தண்ணீரில்தான் மெக்கானிக் விழுந்தார். பெரிய கம்பெனிக் கதைகளில் யாருக்கும் தொண்டை கட்டுவதில்லை.

அதிலும் அந்தக் கதையில் சிறகு மிருகங்கள் எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் மனிதர்கள்தான். மூட்டு வலியை மறைத்துக்கொண்டு குதிரை ஏறும் மகாராணி, தம்பியின் திறமையைப் பார்த்துப் பொருமும் தளபதி, காதலைச் சொல்லத் தெரியாமல் நாலு பாகமாக விழிக்கும் வைத்தியன். வாரம் ஒரு அத்தியாயம். தன் அண்ணன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுகூட மெக்கானிக்குக் கொஞ்சம் மங்கல்தான். அந்தக் கோட்டையில் யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்பது விரல்நுனியில் இருந்தது.

எல்லாரையும் நேசித்தார், ஒருவனைத் தவிர. கோட்டையின் தூக்குப்பாலக் காவலன். சங்கிலி துருப்பிடித்து அலறும். யார் சொன்னாலும் அவனுக்கு ஒரே பதில்: "ஓடுதுல்ல, அப்புறம் என்ன? நாளைக்குப் பாக்கலாம்." கடைசியில் அந்தப் பாலம் பாதியில் சிக்கிக்கொண்டது. காயத்தோடு ஓடிவந்த இளவரசன் கோட்டை வாசலிலேயே அம்பு பட்டு விழுந்தான்.

"பாவி, ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் பொங்கினார்.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "எனக்கென்னவோ அவன் உங்கள மாதிரியே இருக்கான்னு தோணுது."

"என்னடி பேச்சு இது?"

"குளியலறைத் தாழ்ப்பா உடைஞ்சு எத்தன மாசம் ஆச்சு?"

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த அத்தியாயம் வந்தது. இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் இளவரசனின் இறுதி ஊர்வலத்துக்கு வராமல் இருக்க முடியுமா? மகாராணி மகனின் நெற்றியைத் தொட்டாள். "என் கண்ணே..." என்று குரல் உடைந்த அந்த நொடியில், குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். கீச், கீச், ஙொய்ய்ய்ங்... டணார்.

மெக்கானிக்கின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றது குரல், மகாராணியிலிருந்து இறங்கி. "எங்க கட்டிடத்து லிப்ட். மூணு வருஷமா இந்தச் சத்தத்த வெட்டி வெட்டித்தான் உங்களுக்குக் கதை சொல்றேன். இன்னிக்கு வேணும்னே விட்டுட்டேன். காவலன எங்கருந்து பிடிச்சீங்கன்னு நிறைய பேர் கேக்கறீங்க. இந்த லிப்டுக்கு ஒரு மெக்கானிக் வர்றார். நான் புகார் எழுதி எழுதி வாட்ச்மேன்கிட்ட கொடுப்பேன். 'ஓடுதுல்ல, அப்புறம் என்ன'ன்னு அந்த மெக்கானிக் வாட்ச்மேன்கிட்டயே பதில் சொல்லி அனுப்புவார். அதான் காவலன். ஒரு நேயர் எழுதியிருந்தார், அதே சங்கிலியில தொங்கவிடுங்கன்னு. அருமையான யோசனை. கடைசி அத்தியாயத்துல அப்படியே செஞ்சிடறேன். அவருக்கு என் நன்றி."

தையல் மிஷின் நின்றது.

"என்னங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு?"

"மூணாவது மாடி," என்றார் மெக்கானிக். "லிப்ட் ஓடற தண்டவாளம் சேர்ற எடத்துல ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு. என் லிப்ட்."

மனைவி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு, திரைச்சீலையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "தொங்கவிடச் சொன்ன நேயர் யாருங்க?" என்றாள். அவர் டம்ளரால் முகத்தை மறைத்ததைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஊரெல்லாம் தன்னைத் திட்டுவது கூடப் பரவாயில்லை; அந்தக் குரல் தன்னை வெறுக்கிறதே! நாலு பாகமாகத் தன்னோடு மெஷின் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்ட குரல். அதை விடப் பெரிய கொடுமை, இனி அந்தக் காவலன் சாகக் கூடாது. தொங்கப்போகிறவன் யார் என்று தெரிந்த பிறகு எந்த மனிதனால் நிம்மதியாகக் கதை கேட்க முடியும்? கடைசி அத்தியாயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

புதன்கிழமை பொழுது விடிந்ததும் அந்தக் கட்டிடத்தில் நின்றார். லிப்டின் மேல் ஏறி, மூன்றாவது மாடித் தண்டவாள இணைப்பைத் தளர்த்தி, தள்ளியிருந்த அந்த ஒரு மில்லிமீட்டரைச் சரிசெய்தார். தண்டவாளத்தில் உரசும் தேய்ந்த கட்டைகளை மாற்றினார். கதவின் உருளைகளைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடப் புகாருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. கடைசியில் லிப்ட் நாலாவது மாடிக்குப் போனது யாருக்கும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. எதிரே, வீட்டுச் செருப்போடு ஒரு பெண்மணி.

"நீங்கதானா அது?" அதே குரல். மெக்கானிக் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தார். "மூணு வருஷம் கழிச்சு இன்னிக்கு என்ன ஞானோதயம்?"

"நாப்பத்து மூணு லிப்டும்மா. நான் ஒருத்தன். இந்தக் கட்டைக்கு ஆபீஸ்ல மூணு தடவ எழுதிக் கொடுத்தேன், வரல. இப்போ பழைய லிப்ட் ஒண்ணுலருந்து கழட்டிட்டு வந்தேன்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா," என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "காவலன்கிட்டயும் யாரும் கேக்கலியே. மகாராணிகூட ரெண்டாம் பாகத்துல அந்தப் பக்கமாப் போனாங்க, அவன் எண்ணெய் டப்பா காலியாக் கெடந்துச்சு, பாத்துட்டுப் பேசாமத்தான போனாங்க?"

பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலி டப்பாவை அவர் ஒரே ஒரு வரியில், சும்மா எழுதியிருந்தார். எழுதியவரே மறந்துவிட்ட வரி.

"நீங்க... என் கதை கேக்கறீங்களா?"

"தொங்கவிடணும்னு எழுதினதே நான்தாம்மா."

தன்னுடைய நேயர் ஒருவரை அந்தப் பெண்மணி நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் தளும்பச் சிரித்தார்.

"அவன விட்டுருங்கம்மா," என்றார் மெக்கானிக்.

"முடியாது," என்றார் பெண்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கதையில நான் யாருக்கும் சலுகை காட்டறதில்ல."

கதவு சாத்தப்பட்டது. மெக்கானிக் படி வழியாக இறங்கினார். அந்த மௌனமான லிப்டில் போக மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, வேலைக்கு நடுவே, இன்னொரு கட்டிடத்தின் மெஷின் ரூமில் கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்தார். காவலனைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். மெக்கானிக் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். சங்கிலி உயர்ந்தது. ஆனால் அலறவில்லை. முந்தின நாள் முழுக்க, கடன் வாங்கிய எண்ணெயில், ஒவ்வொரு கண்ணியாக அவன் துடைத்து வைத்திருந்தான். மகாராணி கையை உயர்த்தி நிறுத்தினாள். "இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை?" என்றாள்.

"என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, மகாராணி," என்றான் காவலன்.

மெக்கானிக் தேம்பித் தேம்பி அழுதார். மகாராணி கட்டை அவிழ்க்கச் சொல்லப் போகிறாள், வாயைத் திறந்துவிட்டாள், அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பின் வாட்ச்மேன்.

"அண்ணே, எங்க லிப்ட் ஒரு மாசமா உறுமுது. அஞ்சாவது மாடிக்காரர் தெனமும் என்னத்தான் திட்டறாரு. இன்னிக்காவது வருவீங்களா?"

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார்.

"ஓடுதுல்ல?" என்றார் அழுகை மாறாத குரலில். "அப்புறம் என்ன? நாளைக்குப் பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு, மகாராணி என்ன சொல்கிறாள் என்று கேட்கப் போனார்.