விபூதி மீன்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் அலைந்ததால் வந்த பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் பழக்கம் முதலில் இருந்தது, வேலை அதற்குத் தோதாக அமைந்தது. டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் என்னையும் நோயாளி என்றுதான் நினைப்பார்.

என்னை உட்காரவைத்த ஒரே பொருள் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், கடல் பாறை, கடல் மீன். எட்டாவது படிக்கும்போது தேவனாம்பட்டினம் கரையில் வலையில் சிக்கிக் கிடந்த விரல் நீள மீன் ஒன்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. 2004இல் என் தொட்டி மீன்கள் ஒழுங்காக உயிரோடு இருந்தன, அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதன் பிறகு பல மாதம் கடலூரில் மீன் வாங்கவே ஆள் இல்லை. நான் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றியாக வேண்டுமே. என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். திரும்பி வராத பிள்ளைகள் அவள் வகுப்பில் இருந்தார்கள். “அந்தத் தண்ணியயா வூட்டுக்குள்ள கொண்டாற?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு நான் கேனோடு வந்தால் சமையலறைக்குப் போய்விடுவாள். தொட்டியில் இருப்பதைச் சாகவிட எனக்கு மனசு வரவில்லை.

2007இல் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் கடை போட்டேன். கடலூர்க்காரன் கடல் மீனைக் குழம்பில் பார்த்தால் போதும் என்பவன். சிதம்பரத்தில் நாலு வீதியிலும் வீடு கட்டி, கூடத்தில் எதையாவது வைக்கத் துடிப்பவர்கள் இருந்தார்கள். “நீ மீனு விக்கப் போறேன்னு எங்கம்மாகிட்ட சொன்னா, கூடையிலயா சைக்கிள்லயான்னு கேப்பாங்க” என்றாள் என் மனைவி. முதல் மாதம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் குழம்புக்குக் கொடுவா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் பெரிய ஆர்டர் ஒரு பாத்திரக்கடை முதலாளியிடமிருந்து வந்தது. ஐம்பத்தைந்து வயது, சுத்த சைவம், நெற்றி நிறைய விபூதி. மச்சான் வீட்டில் வாஸ்து மீன் வைத்திருக்கிறார், அதைவிட ஒசத்தியாக வேண்டும் என்றார். தீபாவளிக்கு முன் தொட்டி வைத்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அவர் அவசரப்படுத்தியிருக்கவே வேண்டாம், நானே அப்படித்தான்.

மூன்று நாள் மழை பெய்து விட்டிருந்தது. கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வேன் நிறுத்த வசதி உண்டு. அங்கேயே தண்ணீர் எடுத்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர், “ஆத்துத் தண்ணி ஏறிக்கிச்சு மச்சான், நாலு நாள் கழிச்சு வா” என்றார். எனக்குத் தெரியாத விஷயமா அது? மழை வெள்ளம் சேர்ந்தால் கரையோரத்தில் உப்பு பாதிகூட இருக்காது. உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாய் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து ஒரு நிமிடம் தண்ணீரில் விட எனக்குப் பொறுமை இல்லை.

அந்தத் தண்ணீரையே முதலாளி வீட்டுத் தொட்டியில் ஊற்றி மூன்று மீனை விட்டேன். நாலாம் நாள் அவர் போன் செய்தார். மூன்று மீனும் செத்துவிட்டன. என்ன திட்டு வாங்கப்போகிறோம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தவறை ஒப்புக்கொண்டு, புது மீன் புதுத் தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். வாசலிலேயே அவருடைய மனைவி காபியோடு நின்றார்.

“தம்பி, இன்னைக்குக் காலையில இவர் ஸ்கூட்டர்ல பஸ்ஸு இடிச்சிடுச்சு. வண்டி சப்பையாப் போச்சு. இவருக்கு ஒரு கீறல் இல்ல. உள்ள வந்து பாத்தா மூணு மீனும் மல்லாந்து கெடக்குது. கண்டத்த அது வாங்கிக்கிச்சு!”

முதலாளி சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதற்குப் பதிலாக, “ஆமாங்க. உப்புத்தண்ணி மீனு ஜாஸ்தி இழுக்கும்” என்றேன்.

அந்த அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார். “உப்பு சுத்திப் போட்டாலே திருஷ்டி கழியும். இது உப்புலயே பொறந்து வளந்தது. கேக்கணுமா?”

என் கடை அன்றுதான் பிழைத்தது. அந்த அம்மா கோயிலில் சொன்னார், கல்யாணத்தில் சொன்னார். நெல்லிக்குப்பத்திலிருந்துகூட ஆள் வந்தது. கடல் மீன் கடை என்று நான் வைத்த பலகை அப்படியே இருந்தது, ஜனங்கள் வந்தது கண்டம் கழிக்க. மீனை எப்படி வளர்ப்பது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்துகொள்வார்கள். “ஆறு மாசமாச்சு சார், ஒண்ணுமே ஆவல” என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். மீன் நன்றாக இருப்பதுதான் அவருடைய குறை. சாகாமல் பார்த்துக்கொள்வதற்காக இருபது வருடம் படித்தவன், செத்தால் சந்தோஷப்படுகிறவர்களிடம் மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கடையைத் திறந்தேன், வெட்கத்தோடு மூடினேன்.

முதலாளி வீட்டுக்கு மட்டும் லேசில் சாகாத மீனாகப் பார்த்துக் கொடுத்தேன். கன்னங்கரேல் என்று இருக்கும், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று. சின்ன மீன், ஆனால் மகா ரவுடி. அதைப் பார்த்ததும் அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நம்மளாட்டம் விபூதி பூசியிருக்குது பாருங்க” என்றார். அன்றிலிருந்து சிதம்பரத்தில் அதற்கு விபூதி மீன் என்று பெயர். வீட்டுக்குள் இறால் வரக்கூடாது என்பதால் உருண்டைத் தீனி கொடுத்தேன். அதில் மீன் தூள் கலந்திருப்பதை நான் சொல்லவில்லை. முதலாளி தினமும் கடைக்குப் போகும் முன் விரலில் ஓர் உருண்டையை ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நீட்டுவார். அது உருண்டையை விட்டுவிட்டு நகத்தின் ஓரத்தில் கடிக்கும். “பாத்தியா, என்னத்தான் தேடுது” என்று பெருமைப்படுவார். மூன்று வருடத்துக்கு மேல் நானே போய்த் தண்ணீர் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் உப்பை அளந்தேன்.

2011 ஆடி மாதம் அந்த அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். முதலாளிக்கு நெஞ்சில் அடைப்பு, பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

“அது கெடக்கட்டும் தம்பி. மீனுக்கு நெத்தியில விபூதி அழிஞ்சிட்டே வருது, கவனிச்சியா? வாங்கிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஆனா இன்னும் போவலயே. தேதிக்குள்ள போயிடும் இல்ல?”

“அக்கா, இந்த ஜாதி மீனுக்கு வயசானா பொட்டு மங்கிடும். அவ்வளவுதான்.”

“சரி, நீ இந்த மாசம் தண்ணி மாத்த வராத. காத்து மோட்டாரையும் நிறுத்திடட்டுமா?”

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று மீன் செத்தது கண்டத்தால் இல்லை, மழைத் தண்ணீரில் உப்பு குறைவு, அளக்காமல் ஊற்றியது நான், இழுக்கும் என்று சொன்னது வாய் கூசாமல் சொன்ன பொய். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே வரவில்லை.

“அளக்கணும்னு தெரிஞ்சவன்தானே நீ? அன்னைக்கு மட்டும் ஒன்ன அளக்க வுடாம செஞ்சது யாரு?” என்றார்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு அவர் வேணும் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். என் மனைவி நோட்டுத் திருத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். “அவுங்களுக்கு மீனு செத்துச்சுன்னு சேதி வேணும். ஒனக்கு மீனு உசுரோட வேணும். ரெண்டும் ஒரே வாளியில அடங்கும். இதுக்கு ஏன் தரைய தேய்க்கிற?” என்றாள்.

முதலாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து மகனைத் துணைக்கு வைத்துவிட்டு, துணிமணி எடுக்க அந்த அம்மா மட்டும் வீட்டுக்கு வந்திருந்த அன்று நான் வாளியோடு போனேன். வலையால் மீனைப் பிடித்து வாளிக்குள் விட்டு, மேலே துண்டைக் கட்டினேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், “போயிடுச்சுக்கா” என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்கிற மாதிரி, ஒரு மீனுக்கு. ஈரத் தலையோடு விபூதி பூசிக்கொண்டு, “பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நானும் வர்றேன், இரு” என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. அந்த பஸ் கடலூர் வழியாகத்தான் போகும். பக்கத்துப் பக்கத்து சீட். என் கால்களுக்கு நடுவே வாளி. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே அந்த ரவுடி ஒரு துள்ளுத் துள்ளும். நான் இருமினேன். காலால் வாளியைத் தட்டினேன். ஜன்னல் சரியில்லை என்று கண்டக்டரிடம் சண்டை போட்டேன்.

“எங்க கொண்டு போற?” என்றார்.

“கடல்ல வுட்டுடறேன்க்கா.”

“மொகத்த ஒருதரம் பாத்துக்கட்டுமா?”

“வேணாம்க்கா. பாக்கக் கூடாது.”

எங்கிருந்து வந்ததோ அந்தச் சட்டம், என் வாயில் வந்துவிட்டது. அவர் உடனே கையை இழுத்துக்கொண்டு, வாளியைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கடலூரில் இறங்கும் வரைக்கும் அந்தக் கை பிரியவில்லை. ஜென்மத்தில் நான் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்தது அந்தக் கைகளுக்குப் பக்கத்தில்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மீன் என் வீட்டுத் தொட்டிக்குப் போனது. கார்த்திகையில் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். பாண்டிச்சேரியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி, தனியாகத்தான் வந்திருந்தார். மெலிந்திருந்தார், சட்டை தொளதொளத்தது. நன்றி சொல்ல வந்தேன் என்று ஒரு பை ஆப்பிளைக் கொடுத்தார். தொட்டியைக் காட்டச் சொன்னார். எனக்குப் பயமில்லை. பொட்டுகள் மூன்றும் சுத்தமாக அழிந்து, அது வெறும் கறுப்பு மீனாக இருந்தது. அதைப்போல ஆயிரம் இருக்கும்.

பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில், விரலைத் தண்ணீருக்குள் விட்டார். பாறைக்குப் பின்னாலிருந்து நேராக வந்து நகத்தின் ஓரத்தில் கடித்தது.

அவர் விரலை எடுக்கவில்லை. அது திரும்பத் திரும்பக் கடித்தது. என் மனைவி காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். நான் வேறு மீன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“இது எத்தன வருசம் இருக்கும்?” என்று கேட்டார்.

“நல்லா பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருசம் இருக்குங்க.”

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “பத்து வருசம் போதும் எனக்கு. எங்க வூட்டுல சொல்லிடாதீங்க” என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, “நல்லா பாத்துக்குங்க தம்பி” என்றார். கடன் கேட்க வந்தவர்கூட அவ்வளவு தணிந்த குரலில் பேசமாட்டார்.

அந்த டிசம்பர் முடிவில் புயல் அடித்தது. கடலூரில் பலா மரம் முந்திரி மரம் ஒன்று பாக்கியில்லை, கரண்ட் கம்பங்கள் முறிந்து ரோட்டில் கிடந்தன. சிதம்பரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கடையில் காற்று மோட்டார் நின்று மூன்றாம் நாள். எல்லாத் தொட்டியிலும் எல்லாம் செத்து மிதந்தன. எதிர்க்கடைக்காரர் என் தோளைத் தட்டி, “ஊருக்கு வந்த கண்டத்தயே ஒன் கடை வாங்கிக்கிச்சு, மனச வுடாத” என்றார். அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவர் திகைத்துப்போனார், பாவம். கதவை இழுத்துவிட்டுக் கடலூருக்கு ஓடிவந்தேன்.

வீட்டுத் தொட்டிக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் மக். தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், திரும்ப மொண்டு திரும்ப ஊற்ற வேண்டும். நான் இல்லாதபோது என் மனைவி ஊற்றினாள். அந்தத் தண்ணீரை அவள் கையால் தொட்டது அதுதான் முதல் முறை. கை மாற்றி, கை மாற்றி ஊற்றினோம்.

நாலாம் நாள் மத்தியானம், பக்கத்துத் தெரு ஜெனரேட்டரில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்த என் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் மணி அடித்தது. முதலாளி.

“தம்பி, கடலூர்ல கரண்ட் இருக்குதா?” மூச்சு வாங்கியது அவருக்கு. “மோட்டார் ஓடுதா?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

“சத்தம் கேக்குது பாருங்க” என்றேன். “ஓடுதுங்க.”