வெள்ளிக்கிழமை அணையும் திரை: பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகக் கிள்ளானுக்கு

எங்கள் காரின் திரை வெள்ளியும் சனியும் மட்டும்தான் அணைகிறது என்பதை முதலில் கவனித்தேன். திங்கட்கிழமை ஒருமுறைகூட அணைந்ததில்லை.

அம்மா சமைக்கும் மதியச் சாப்பாட்டை அப்பாவும் நானும் சுங்கை வே தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகிறோம். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்ட பிறகு இதுதான் என் வேலை. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து அப்பாவால் திரும்பிப் பார்க்க முடியாது. காரைப் பின்னால் எடுக்கும்போது கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்துத்தான் எடுப்பார். போன சனிக்கிழமை அது பாதியில் அணைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பம்பரை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளை. கத்திவிட்டேன்; அப்பா பிரேக்கை மிதித்தார்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா சாவிய என்கிட்ட குடுத்துடுங்க. ஓட்டினது போதும்" என்றார் அம்மா.

கிள்ளானில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் ஏற்கெனவே இரண்டு திங்கட்கிழமை காட்டியிருந்தோம். இரண்டு முறையும் திரை நன்றாக வேலை செய்தது. அதனால் இந்த முறை வெள்ளிக்கிழமையே போகலாம் என்றேன்.

மதியம் 2.40க்குக் கிளம்பினோம். திரையில் குறை இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் 14 கிலோமீட்டர்; 35 நிமிடம். வெள்ளிக்கிழமைதோறும் டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கு அங்கேதான் மல்லிகைச் சரம் வாங்குவோம். விலை ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிங்கக்கா. கார் சூட்டுல வாடிடும்" என்றார் அப்பா, பூக்கார அக்காவிடம். வாரம் தவறாமல் சொல்வதுதான்.

3.35க்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினோம். டோல் கிடையாது. சுபாங் தாண்டியதும் திரை கறுத்தது. அப்பா அதை இரண்டு தட்டு தட்டினார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். சரத்திலிருந்து சொட்டிய நீர், திரைக்கு மேலிருந்த இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

33 கிலோமீட்டர் ஓடி 4.25க்குக் கடை வாசலில் நிறுத்தினோம். அந்த நேரம் பார்த்துத் திரை மறுபடி ஒளிர்ந்தது.

"பாருங்க அங்கிள், நல்லாத்தானே இருக்கு? உங்களுக்குச் சந்தேகம்னா புது செட் மாத்திடுங்க லா. எண்ணூத்தம்பது வெள்ளி" என்றார் கடைக்கார அண்ணன்.

அப்பா யோசித்துவிட்டு, "சரி, மாத்திடு" என்றார்.

புதுத் திரைக்கும் இதே பிள்ளையார், இதே பூ. அதைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கைபேசியில் தட்டி அண்ணனிடம் நீட்டினேன்: "பூத்தண்ணீர் உள்ளே போகிறது. முதலில் கழற்றிப் பாருங்கள்."

"ஏன் தங்கச்சி, வாயில சொன்னா காசு கேப்பேனா?" என்றவர், திரையைக் கழற்றினார். பின்னால் மின்சாரம் வரும் பிளக்கின் கம்பிகளில் பச்சைத் துரு. பக்கத்திலேயே ஒரு மல்லிகை இதழ்.

"அங்கிள், பிள்ளையாருக்கு அபிஷேகம் சரி. செட்டுக்குமா?"

அப்பா சிரிக்கவில்லை. "நான்தான் இன்னும் தெளிக்கச் சொன்னேன்" என்றார் மெதுவாக.

துருவைச் சுத்தம் செய்து, புது பிளக் மாட்டி, மேலே இருந்த இடுக்கை அடைக்க 40 நிமிடம் ஆனது. 60 வெள்ளி.

உங்கள் காரிலும் ஏதாவது வந்து வந்து மறைந்தால், எந்த நாள், எத்தனை மணி, அப்போது காரில் புதிதாக என்ன இருந்தது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். குறை வரும் நாளிலேயே கடைக்குப் போங்கள். புதிது மாற்றச் சம்மதிக்கும் முன் பழையதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் காட்டினாலும் போதும். பூ வைப்பவர்கள் நீரை உதறிவிட்டு வையுங்கள். கிள்ளானிலிருந்து ஐந்து மணிக்குமேல் திரும்பினால் நெரிசல்தான். எங்களுக்கு வீடு சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

கிளம்பும் முன் சரத்தைக் கடை வாசலில் நன்றாக உதறி, ஒரு சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்துப் பிள்ளையார் முன் வைத்தேன். அப்பா ரிவர்ஸ் கியர் போட்டார். திரையில் காலியான சாலை தெரிந்தது. பழக்கத்தில் நான் தலையைத் திருப்பினேன்.

"நீ முன்னாடி பாரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தேன்.