வேங்கிக்காலில் ஒரு நிழற்குடை

வேங்கிக்காலில் இறங்கியதும் எதிரே அந்தப் பேருந்து நிழற்குடை தெரிகிறது. போன மாதம் காலமான என் நண்பரும் நானும் சேர்ந்து கட்டட வடிவமைப்பு அலுவலகம் தொடங்கியபோது அவர் வரைந்த முதல் வேலை இது. காத்திருப்பவர்கள் ஊரே சாமியாகக் கும்பிடும் மலையைப் பார்க்கட்டும் என்று பின்சுவரில் பெரிய ஜன்னல் வைத்தார். கோயில் வேலை மட்டும் வேண்டாம் என்பது அவருடைய கொள்கை.

ஜன்னல் விளிம்பில் இப்போது அகல் எரிகிறது. மேலே சாமந்தி மாலை தொங்குகிறது. பெஞ்சில் ஆளே இல்லை. பஸ்ஸுக்கு வந்தவர்கள் வெளியே வெயிலில் நிற்கிறார்கள்.

வாசலில் பூக்கட்டும் பெண்மணி என்னை நிறுத்துகிறார். "செருப்ப வெளிய வுட்டுட்டுப் போங்க சார்."

"இது பஸ் ஸ்டாப்தானேம்மா?"

"பஸ்ஸுக்குன்னா அப்பிடி ஓரமா நில்லுங்க. உள்ள மலை தெரியுதில்ல, எப்பிடி செருப்போட போறது?"

"யார் கட்டினது?"

"யாரும் கட்டல சார். சுயம்புன்னு சொல்றாங்க."

கான்கிரீட் போட்ட அன்று நண்பரும் நானும் இங்கேதான் நின்றோம். செருப்பைக் கழற்றுகிறேன். பூக்கட்டும் பெண்மணி எழுந்து வந்து கற்பூரத்தை எடுக்கிறார்.

"யார் பேருக்கு சார்?"

கட்டியவரின் பெயரைச் சொல்கிறேன்.