மனப்பாடமான கதை

கழக்கூட்டம் ஊர்க் கடைத்தெருவில் இஸ்திரிக் கடையைக் கடக்கையில் கஞ்சித் துணியின் சூட்டு வாசம் வந்தது. என் சின்ன வயதில், போதகரான அப்பா சனிக்கிழமைகளில் தன் அங்கியைத் தேய்த்துக்கொண்டே மறுநாள் பிரசங்கத்தைச் சொல்லிப்பார்ப்பார். எங்கே குரல் தழுதழுக்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அதனாலேயே எதையும் நான் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை, வீட்டைவிட்டுப் போன ஊதாரி மகனின் பைபிள் கதையை அப்பா சொல்லிப்பார்க்கையில், பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று கேட்டாள். அவள் மகனும் கோபித்துக்கொண்டு போயிருந்தான்.

"அவன் திரும்பி வந்தப்போ அப்பா உள்ளே விட்டாரா, சார்?"

"தூரத்துல பார்த்ததுமே ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுட்டார், மாமி." நான் எதிர்பாராத இடத்தில் அப்பாவின் குரல் உடைந்தது. மாமி அழுதாள்.

மறுநாள் ஆலயத்தில் அதே கதை. முடிவு தெரிந்தும், மகன் வந்துவிட வேண்டுமே என்று பதறிக்கொண்டிருந்தேன்.

இன்றும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் அந்தக் கதையைக் கேட்டால் அதே பதற்றம் வருகிறது. அது போதும் எனக்கு.