சொந்த வூடு இருக்குதுங்க

எண்பத்தாறில், பல வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. பிறகு இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் கட்டித்தரும் தொகுப்பு வீடு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டுப் பெயர் எழுதிய வெளியூர் கிளார்க், "வீடு இருக்காம்மா?" என்று கேட்டார்.

கூரைக் கொட்டாயில்தான் இருந்தோம். பின்னால் என் ஓரகத்தி நின்றாளே, விட்டுக்கொடுப்பேனா? "சொந்த வூடே இருக்குதுங்க" என்றேன். அடுத்து அவள், "கொட்டாய்தானுங்க" என்றாள்.

பட்டியலில் என் பெயர் இல்லை. தலைவரிடம் ஓடினேன். "வூடு இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்களாமேக்கா!" என்று கைவிரித்தார்.

ஓரகத்திக்குக் கிடைத்த தொகுப்பு வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு. மழை வந்தால் ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துவிட்டு, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது யார் எழுத வந்தாலும் உள்ளே அழைத்து, கூரையை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறேன். அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன்.