அவள் அவனை இறக்கி வைத்த பக்கம்

முடிச்சூரில் எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன், காலடியில் கொசுவத்தி. என்ன படிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அந்த மாதம் வந்து விழுந்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவல்.

உலகம் முழுக்க வெள்ளம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு நடக்கிற கதை. நடக்க முடியாத கணவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, கயிறு கட்டி, சேற்றில் இழுத்துக்கொண்டே போகிறாள் மனைவி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி கிடையாது, அத்தியாயம் கிடையாது, யாருக்கும் பெயர் கிடையாது. பாதிக்கு மேல் ஓரிடத்தில் அவனை ஒரு மேட்டில் இறக்கி வைத்துவிட்டு அவள் தனியாக நடக்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போதும் வாக்கியம் முடியாமல் அவள் பின்னாலேயே போகிறது.

மழை என்றாலே ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றுகிற ஊர்க்காரர்களிடம் இப்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? இலக்கியம் பேசலாம் என்று ஆசையாகக் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா.

முதலில் பேசியவர் சிமென்ட் கடைக்காரர். இந்த ஊரின் பழைய குடும்பம்; அவர்கள் நெல் விளைத்த நிலத்தில்தான் எங்கள் ஃபிளாட் நிற்கிறது. "இன்னா மேடம் புக்கு இது? ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்க வுட மாட்றான். பேஜாரா பூடுச்சு" என்றார். பிறகு அசல் குற்றச்சாட்டுக்கு வந்தார். "தண்ணி வருதுன்னு தெரிஞ்சிகினு எவனாவது தீப்பெட்டிய தரையில வெப்பானா? கேஸ் சிலிண்டர எங்க ஏத்துனாங்கன்னு ஒரு வரி கீதா பாரு. எழுதுனவன் வூட்டுக்குள்ள தண்ணியே வந்திருக்காது."

அவ்வளவுதான், கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது. பத்திரங்களை எந்தக் கவரில் போட்டுக் கட்டியிருக்க வேண்டும், பரணில் எதை முதலில் ஏற்றியிருக்க வேண்டும் என்று அந்த நாவலின் பாத்திரங்களுக்கு ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தன் பிரதியில் பென்சிலால் முற்றுப்புள்ளிகளை வைத்துக்கொண்டு வந்திருந்தார். "இப்ப படிச்சுப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்று என்னிடம் நீட்டினார். கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் இளைஞருக்கு ஸ்டைல் பிடித்திருந்தது, கதைதான் பிடிக்கவில்லை. "ரொம்ப டிப்ரெஸ்ஸிங் அக்கா, வீக்கெண்டே போச்சு" என்றார்.

அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாகிவிட்டார்கள். அத்தனை தூரம் இழுத்து வந்தவள் விட்டுவிட்டுப் போவாளா? நம் பெண்கள் செய்ய மாட்டார்கள். எழுதியவனுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியவில்லை. இதெல்லாம் பேசி முடிந்த பிறகுதான் கீழ் வீட்டு அக்காவின் முறை வந்தது.

அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, இரண்டு மூன்று ஓசைகள்தான் மிச்சம். இடது கை மட்டும் வேலை செய்யும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அக்கா தனியாகத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். வட்டத்துக்கு வருகிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் நேரம். அதிலும் பாதி நேரம் காது தன் வீட்டு ஜன்னல் பக்கமே இருக்கும்.

"எனக்கு அவ மேல கோவம் வரல" என்றார் அக்கா. "வரணும்னு பார்த்தேன். வரல."

ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வட்டத்தின் விதி. சண்டை வரக் கூடாதென்று வைத்தது. எல்லோரும் விதியை மதித்து அடுத்தவர் பக்கம் திரும்பினார்கள். நானும்தான் திரும்பினேன்.

மறுநாள் மதியம் கீழே கொடியில் துணி எடுக்கப் போனபோது அக்காவின் குரல் ஜன்னல் வழியே கேட்டது. அதே நாவலைத்தான் கணவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதைப் போய் அவருக்குப் படிக்கிறீங்களே" என்றேன்.

"வேற என்ன பேசறது? பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சு. இது நிக்காம போயிட்டே இருக்கு, எனக்குத் தோதா இருக்கு."

"அந்தப் பக்கம் வந்தா?"

"நேத்தே வந்துச்சு, படிச்சேன். தாண்டிப் போனா அவர ஏமாத்தற மாதிரி இருக்கு. கண்ண மூடிட்டிருந்தார். கேட்டாரோ, தூங்கினாரோ."

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஃபிளாட்டில் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் ஒரு கீழ் வீடு உண்டு. தண்ணீர் கேட்டைத் தாண்டினால், அந்தக் கீழ் வீட்டு மனிதர்களும் சாமான்களும் அந்த மாடி வீட்டின் பொறுப்பு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. அக்காவின் வீடு எங்கள் பொறுப்பு.

அன்று காலை வாட்ச்மேன் விசில் ஊதியதும் என் கணவரும் உதவிக்கு வந்த சிமென்ட் கடைக்காரரும் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியோடு இறங்கினார்கள். வழக்கமாக அக்காவின் கணவரை அதில் உட்கார வைத்து, விழாமல் ஒரு வேட்டியால் சேர்த்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிடுவார்கள். அந்த முறை கட்டி முடித்துத் தூக்கும்போது நாற்காலி நகரவில்லை. அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

"சார், இன்னா சார், கைய வுடு சார். தண்ணி உள்ள வந்துகினு கீது" என்றார் கடைக்காரர்.

அவர் கடைக்காரரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டம்தான். அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. என் கணவர் விரல்களைப் பிரிக்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டார். உடம்பில் மிச்சமிருந்த ஒரே பலம் அந்தக் கையில்தான். அதைப் பிடுங்கி எடுக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

அக்காவும் சும்மா நின்றார். பிறகு தண்ணீரிலேயே மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"என்னங்க, அடுத்த மழைக்கு விட்டுட்டுப் போறேன். சத்தியமா. இந்த மழைக்கு மட்டும் வாங்க."

கை விலகியது. அவராக விட்டாரா, கை ஓய்ந்து விட்டதா என்று எனக்குத் தெரியாது.

மாடிக்குக் கொண்டுவந்து எங்கள் சோபாவில் படுக்க வைத்தோம். ஆண்கள் மற்ற சாமான்களை எடுக்கக் கீழே போய்விட்டார்கள். அக்கா ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்தார். நான் கொடுத்த துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, துடைக்கவில்லை.

"அவர் கம்பியப் பிடிச்சாரு பாரு" என்றார். "அப்ப ஒரு நிமிஷம், சரி, இங்கயே இருக்கட்டும்னு எனக்குத் தோணிச்சு."

எத்தனை புத்தகம் படித்து என்ன, தேற்றவும் தெரியவில்லை, திட்டவும் தெரியவில்லை. சோபாவில் அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். நான் பதறிப்போய் ஜாடை காட்டினேன்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"அவருக்கும்தான் தோணிச்சு" என்றார்.